இடது பக்கம் ஒரு சத்தம்

ஹால்வர் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் அவனை அயோக்கியன் என்றார்கள். மீதிப் பேர், பாவம், ரெண்டு போல்ட்டுக்கு இவ்வளவு பாடா என்றார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தைந்து. அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவன் உள்ளே, தூக்கி நிறுத்திய வண்டிகளுக்கு அடியில். நான் முன்னால், வாடிக்கையாளர்கள் வந்து நிற்கும் மேசையில்.

எங்கள் பட்டறை ஃபோர்டே ஊரில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அல்வெரா என்ற மின்சாரக் கார்களுக்கு இந்த வட்டாரத்தில் கம்பெனி அங்கீகாரம் பெற்ற பட்டறை எங்களுடையது ஒன்றுதான். அல்வெரா விலை உயர்ந்த வண்டி. ஆனால் மின்சார வண்டிக்கு வரி கிடையாது என்று இருந்த காலத்தில் மீன் பண்ணை முதலாளியும் அதை வாங்கினார், பள்ளிக்கூட ஆசிரியையும் வாங்கினார். கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஹால்வர் கைராசிக்காரன் என்று பெயர். வண்டியைக் கொண்டுவருகிறவர்களே, "ஹால்வர் பாப்பாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். அதிகம் பேசமாட்டான். மதியம் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி நாலு துண்டு, கறுப்புக் காப்பி, பத்து நிமிடம் விளையாட்டுப் பக்கம். பிறகு மறுபடியும் வண்டிக்கு அடியில். மனைவி குன்வோர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மகள்கள் இருவர், மூத்தவள் அப்போதே பெர்கன் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டாள்.

அந்த வருடம் ஆகஸ்டு மாதம் கம்பெனியிலிருந்து ரீகால் அறிவிப்பு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிற மோட்டாரை நாலு போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பனிக்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு அவற்றை அரிக்கிறது. அவை முறிந்தால் ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். ஆகவே எல்லா வண்டிகளையும் கூப்பிட்டு, நாலையும் கழற்றி, துருப்பிடிக்காத புதிய போல்ட்டுகள் போட்டு, மேலே மெழுகு பூசிக் கொடுக்க வேண்டும். உரிமையாளருக்குச் செலவில்லை. வேலை முடிந்ததும் வண்டியின் எண்ணுக்கு நேராகக் கம்ப்யூட்டரில் 'முடிந்தது' என்று பதிய வேண்டும்.

இருநூற்றுச் சொச்சம் வண்டிகள். அவற்றில் நூற்று அறுபத்து மூன்றை ஹால்வர் ஒருவனே செய்தான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீன் பண்ணைக்காரர் ஒருவருடைய சாம்பல் நிற அல்வெரா அவன் கைக்கு வந்தது. வலது பக்கத்துப் போல்ட்டுகள் இரண்டும் எளிதாகக் கழன்றன. இடது பக்கத்தவை அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தான், சூடாக்கிப் பார்த்தான். இன்னும் பலம் கொடுத்தால் உள்ளேயே முறிந்துவிடும் என்பது அவன் கைக்குத் தெரிந்தது. முறிந்தால், கம்பெனி விதிப்படி, போல்ட்டுகள் இறங்கியிருக்கிற ஸ்டீயரிங் பெட்டியையே மாற்ற வேண்டும். அது ஜெர்மனியிலிருந்து வர மூன்று வாரம் ஆகும், அதுவரை வண்டி லிஃப்டிலேயே நிற்கும், பண்ணைக்காரர் கத்துவார். அன்று மணி இரண்டரை. மான் வேட்டை தொடங்கியிருந்தது. மூன்று மணிக்கு அவனுடைய வேட்டைக் குழு நௌஸ்ட்டால் சாலைமுக்கில் அவனுக்காகக் காத்திருக்கும்.

இடது பக்கத்துப் பழைய போல்ட்டுகள் இரண்டையும் அப்படியே விட்டான். துணியால் துடைத்தான். புதியவற்றின் மேல் பூசிய அதே மெழுகை அவற்றின் மேலும் பூசினான். 'முடிந்தது' என்று பதிந்தான். திங்கட்கிழமை அந்த ஆளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, சாமான் வரவழைத்துச் சரிசெய்துவிடலாம் என்பது எண்ணம். அந்த எண்ணம் உண்மையானது என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் மெழுகை ஏன் பூசினாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். அவன் பேச்சை மாற்றினான்.

திங்கட்கிழமை ஒன்பது வண்டிகள் வரிசையில் நின்றன. செவ்வாய்க்கிழமை பதினொன்று. ஒரு மாதம் கழிந்தது. பனி பெய்தது, உருகியது. வசந்த காலத்தில் பண்ணைக்காரர் அந்த வண்டியை விற்றுவிட்டார் என்று காதில் விழுந்தபோது, தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்ததாம் அவனுக்கு. யாரோ எங்கோ ஓட்டுகிறார்கள், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன ஆகப்போகிறது என்று.

வாங்கியவர் யூருன் வாசெண்டன் என்கிற பெண்மணி. யோல்ஸ்டர் பக்கத்துக் கால்நடை மருத்துவர். ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், கணீரென்ற குரல். மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பண்ணை பண்ணையாகப் போய் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர். பனியில் வழுக்காமல் போகிற கனமான வண்டி என்பதற்காக அதை வாங்கினார்.

நவம்பரில் முதல் தடவை வந்தார். மெதுவாக இடது பக்கம் திருப்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றார். வேறொரு மெக்கானிக் வண்டியை எடுத்துப் போய்க் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். பழுது எதுவும் காட்டவில்லை. ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றான். ஸ்டீயரிங் ரீகால் செய்யப்பட்டிருக்கிறது, கவலை வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

அன்று காலை வேலைப் பட்டியல் எழுதும் பலகையில் அந்த வண்டியின் எண்ணைப் பார்த்ததுமே ஹால்வருக்கு அது எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. இரண்டு லிஃப்ட் தள்ளித்தான் அந்த வண்டி நின்றது. பத்து எட்டு நடந்து போய், "இதை நான் பாக்கறேன், தள்ளு" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பதிவேட்டில் கிடக்கிற பொய்யை இப்போது எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும் என்று பயந்தான். காப்பி எடுக்கப் போய்விட்டான்.

ஜனவரியில் அந்தம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. சத்தம் அதிகமாகியிருக்கிறது, இடது பக்கம், கீழே, ஸ்டீயரிங் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து. சில சமயம் திருப்பக் கனமாகவும் இருக்கிறது என்று இடம் சுட்டி எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'என் நோயாளிகளுக்கும் பேசத் தெரியாது. நான் காதையும் கையையும் நம்பித்தான் முப்பது வருடமாகப் பிழைக்கிறேன்.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். பழைய வேலைச்சீட்டில் ஹால்வர் பெயர் இருந்தது. இந்த வண்டியின் ரீகாலை நீதானே செய்தாய், நாலையும் மாற்றினாயா என்று கேட்டேன். அவன் லிஃப்டுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

"செஞ்சாச்சு ரன்வெய்க். சிஸ்டத்துல இருக்கு பாருங்க."

"சிஸ்டத்துல இருக்குன்னு எனக்கும் தெரியும். நீ செஞ்சியான்னு கேக்கறேன்."

"செஞ்சேன்."

நான் திரும்பி வந்து பதில் எழுதினேன். ரீகால் முறைப்படி முடிக்கப்பட்டது, பழுது எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, முள் பதித்த பனி டயர்கள் இப்படிப்பட்ட ஒலிகளை எழுப்புவது வழக்கம் என்று.

இரண்டு நாள் கழித்து, எனக்குத் தெரியாமல், ஹால்வர் அவருக்குப் போன் செய்திருக்கிறான். வண்டியை ஒருநாள் கொண்டுவாருங்கள், இலவசமாக முன்பக்கத்தை முழுசாகப் பார்த்துவிடுகிறேன் என்றானாம். அவருக்குக் கோபம். ஒன்றுமில்லை என்று வாயாலும் சொன்னீர்கள், எழுத்திலும் சொன்னீர்கள், மறுபடி எதற்கு ஒருநாளை வீணாக்க வேண்டும், கன்று போடும் காலம் தொடங்கிவிட்டது, எனக்கு நேரமில்லை என்றார். எதைப் பார்க்கப் போகிறீர்கள், ஏதாவது சந்தேகமா என்றும் கேட்டார். சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றான். அவர் போனை வைத்துவிட்டார். ஹால்வர் நாலு புதிய போல்ட்டுகளை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான், அவர் வந்தால் உடனே போட்டுவிடலாம் என்று. அவர் வரவில்லை.

பிப்ரவரியில் அவர் கம்பெனித் தலைமையகத்துக்கே எழுதினார். அது சுற்றிச் சுற்றிப் பதிலுக்காக என் மேசைக்குத்தான் வந்தது. அந்தப் பதிலை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். 'சாதாரண வண்டியிலிருந்து முதல்முறையாக மின்சார வண்டிக்கு மாறுபவர்கள், எஞ்சின் ஒலி இல்லாததால், இயல்பான சிறு ஒலிகளையும் பெரிதாக உணர்வதுண்டு' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் இந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது.

மார்ச் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். யூருன் மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்காக உட்விக் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். பனியும் மழையும் கலந்த தூறல். இடது பக்கம் மடங்குகிற கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஸ்டீயரிங் இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்திருக்கிறார். வண்டி நேராகப் போய்ப் பனிமேட்டில் ஏறி, சாலையோரக் கல்லில் மோதி, பக்கவாட்டில் நின்றது. கல் இல்லாதிருந்தால் அதற்கப்பால் எண்பது மீட்டர் பள்ளம். பின்னால் வந்த பஸ் டிரைவர்தான் அவரை வெளியே எடுத்தார். வலது தோள் மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

அல்வெரா வண்டிக்கு வேறு பட்டறை இல்லாததால் மீட்பு லாரி அதை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து இறக்கியது. சாலைத் துறை ஆய்வாளர் வியாழக்கிழமை வருவார், அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று எங்கள் மேனேஜர் ஸ்டெய்னார் ஒரு தார்ப்பாயை விரிக்கச் சொன்னார். கம்பெனியிலிருந்து அவருக்கு ஏற்கெனவே போன் வந்திருந்தது. ரீகால் செய்த பதிவு இருப்பதால், முந்தைய உரிமையாளர் வேறெங்கோ வண்டியைப் பிரித்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். பண்ணைக்காரர் இப்போது சிலி நாட்டில் இருக்கிறார், அவரைக் கேட்பார் யாருமில்லை.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஹால்வர் முற்றத்தில் அந்த வண்டிக்கு அருகே மல்லாந்து படுத்து, கைவிளக்கை அடியில் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெகுநேரம் அசையாமல் கிடந்தான். பழைய போல்ட்டுகளில் ஒன்று முறிந்து, மற்றொன்று பாதி கழன்று தொங்கியதாம். அவன் சட்டைப்பையில் அலமாரியிலிருந்து எடுத்த புதிய போல்ட்டுகள் இருந்தன. முறிந்ததை நோண்டி எடுக்க அவனுக்கு அரைமணி நேரம் போதும். இந்த வட்டாரத்திலேயே அதைச் செய்யக்கூடிய கை அவனுடையதுதான். போட்டுவிட்டு மெழுகு பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது, விபத்துக்கு வேறு காரணம் தேடிக்கொள்வார்கள். இதையெல்லாம் யோசித்தேன் என்று பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான். யோசிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எழுந்து வந்து மேலங்கியை மாட்டிக்கொண்டான். எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றான். யாருக்கு என்ன என்றேன். அதற்குள் கதவைத் தாண்டிவிட்டான்.

அங்கே நடந்ததை இரண்டு பேர் வாயாலும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். பெரிய வித்தியாசம் இல்லை.

யூருன் கையைக் கட்டிப்போட்டபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து யாரோ ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள், பூங்கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று நினைத்தாராம். அவன் கையில் பூ எதுவும் இல்லை. நின்றபடியே சொன்னான். போன வருடத்துக்கு முந்தின வருடம் செப்டம்பர், வெள்ளிக்கிழமை, இரண்டு போல்ட்டு, மெழுகு, வேட்டை. எதையும் விடவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"எந்தப் பக்கத்துப் போல்ட்டு?"

"இடது பக்கம். கீழ, பெட்டிகிட்ட இருக்கற ரெண்டும்."

"அப்போ நான் சொன்னது சரி."

"சரிதான்."

"எங்க வீட்டுக்காரர், உனக்கு வயசாகுது, இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுன்னு சிரிச்சார். போன மாசம் நான் காது டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன், தெரியுமா? கன்னுக்குட்டி நெஞ்சுல குழாயை வெச்சாக்கூட, கேக்கறது நெஜமான்னு ரெண்டாந்தரம் கேட்டுப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். மூணு மாசம். அந்த மூணு மாசத்துக்கு என்ன சொல்றீங்க?"

அவன், மன்னிக்கணும் என்று தொடங்கினான். அவர் நல்ல கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேண்டாம். இப்ப எனக்கு வலி இருக்கு, உங்க மன்னிப்புக்கு இங்க இடமில்ல. ஜனவரியில போன் பண்ணீங்களே, அது நீங்கதானே? ஏதாவது சந்தேகமான்னு நான் வாய்விட்டுக் கேட்டேன். அப்போ ஏன் சொல்லல?"

"தைரியம் வரல."

"மாட்டுக்கு உள்ள கையை விட்டிருக்கும்போது எனக்கும் தைரியம் போகும். அதுக்காகக் கையை எடுத்துட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடறேனா?"

பிறகு, இதை அப்படியே ஆய்வாளரிடம் போய்ச் சொல்லுங்கள், என்னிடம் சொன்னதில் ஒரு வார்த்தை குறையக்கூடாது என்றார். அவ்வளவுதான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹால்வர் பட்டறைக்குத் திரும்பி ஸ்டெய்னார் அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது. ஸ்டெய்னார் முதலில் நம்பவில்லை. பிறகு மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுவது போலப் பேசினார்.

"இங்க பாரு ஹால்வர். கம்பெனிக்காரனே பண்ணைக்காரன் மேல பழிய போட்டுட்டான். உன்ன யாரும் கேக்கல. கேக்காததுக்கு நீயா போய் ஏன்யா தலைய குடுக்கற? பதினாலு பேர் இங்க சம்பளம் வாங்கறோம்."

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான். அங்கேர்ந்துதான் வரேன்."

ஸ்டெய்னார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து, மூன்று முறை நான் சொன்ன பதில்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹால்வர் என்னிடம் பொய் சொன்னான், அது உண்மை. ஆனால் டயர் என்றும், எஞ்சின் சத்தம் இல்லாததால் வருகிற பிரமை என்றும் அவன் என்னிடம் சொல்லவில்லை. அவை என் சொந்தச் சரக்கு.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஹால்வர் சொன்னான், அவர் எழுதிக்கொண்டார். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு போலீஸ் விசாரணை, அபராதம், பட்டறையைப் பொறுப்பேற்று நடத்த அவனுக்கிருந்த தகுதிச் சான்று ரத்து. கம்பெனி எங்கள் அங்கீகாரத்தை நாலு மாதம் நிறுத்தி வைத்தது. ஊரில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதைச் சிலர் விட்டுவிட்டார்கள். வேட்டைக் குழுவினர் விடவில்லை, ஆனால் அவன் போவதை நிறுத்திவிட்டான்.

கோடையில், நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற சமரச மன்றத்தில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். யூருனின் தோள் அதற்குள் கூடியிருந்தது, ஆனால் கை காதுக்கு மேல் எழவில்லை. மாட்டுப் பிரசவம் பார்க்க அந்தக் கையால் இனி முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாய், பூனை, ஆட்டுக்குத் தடுப்பூசி, அவ்வளவுதான். காப்பீடு கொடுத்தது போக அவர் அங்கே கேட்டது ஒன்றே ஒன்று. தனக்குச் சொன்ன மூன்று பதில்களும் தவறு என்று பட்டறையும் கம்பெனியும் எழுதித் தர வேண்டும். பொதுவாக வருத்தம் தெரிவித்தால் போதாது. வரிவரியாக, எந்த வரி ஏன் தவறு என்று.

அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. முதலில் வாயால் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி, மூன்று பதில்களையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எழுதினேன். 'நீங்கள் கேட்ட சத்தம் இருந்தது. நீங்கள் சொன்ன இடத்திலிருந்துதான் வந்தது' என்று தொடங்கினேன். எஞ்சின் ஒலி பற்றிய வாக்கியத்துக்கு நேராக, 'இது எந்தச் சோதனையின் அடிப்படையிலும் எழுதப்படவில்லை. எழுதியவர் வண்டியைப் பார்க்கவே இல்லை' என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். ஸ்டெய்னார் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. யூருன் அதற்குப் பதில் எழுதவில்லை. அவர் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் ஹால்வர் தேறியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தப்பு செய்தேன், சொன்னேன், தண்டனை வாங்கினேன் என்று ஒரு மனிதன் அதன்மேல் காலூன்றி நிற்க முடியும். அவனும் அப்படித்தான் நின்றான். நூற்று அறுபத்து மூன்றில் ஒன்று, ஒன்றே ஒன்று என்று சொல்லிக்கொள்வான். ஆய்வாளரிடமும் அதைத்தான் அடித்துச் சொல்லியிருந்தான்.

அங்கீகாரம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அவன் செய்த அத்தனை வண்டிகளையும் மறுபடி அழைத்துப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. பெர்கனிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் நான் போன் செய்தேன். ஒவ்வொரு வண்டியாக லிஃப்டில் ஏறி இறங்கியது. வேலை சுத்தம் என்று பெர்கன்காரர்களே சொன்னார்கள். நூறு தாண்டியது, நூற்று ஐம்பது தாண்டியது. ஹால்வர் வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, எத்தனை ஆச்சு என்று மட்டும் கேட்பான். எல்லாம் சரி என்றால் வைத்துவிடுவான்.

நூற்று ஐம்பத்தெட்டாவதாக வந்தது ஃப்ளோரோவிலிருந்து ஒரு நீல வண்டி. அதில் மூன்று போல்ட்டுகள் புதியவை. ஒன்று பழையது. மேலே மெழுகு பூசப்பட்டிருந்தது.

போனில் சொல்ல மனம் வராமல் வேலைச்சீட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அதை வைத்தேன். அவன் கையெழுத்துத்தான். அக்டோபர், புதன்கிழமை, காலை பத்து மணி. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்று என்ன நடந்தது, யாராவது கூப்பிட்டார்களா, போல்ட்டு தீர்ந்துபோய் எடுக்கப் போனேனா, ஒன்றும் நினைவில்லை. அந்த வண்டியையே நினைவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமைக்காவது ஒரு காரணம் இருந்துச்சு," என்றான். "இதுக்கு ஒண்ணுமே இல்லையே."

குன்வோர் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். அவள் இந்த விவகாரம் முழுவதிலும் அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள், கோபமில்லாமல்:

"தப்புப் பண்ணினது எப்போன்னு உனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்த. அதுதான் உன்ன நிக்க வெச்சுச்சு."

அவன் தலையை ஆட்டினான். நான் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

நீல வண்டியின் உரிமையாளர் இங்கோல்ஃப் ஸ்டாவாங். கப்பல் கட்டுமிடத்தில் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. மனைவி மோல்ஃப்ரிட்டுக்கு முதுகுவலி, அந்த வண்டியின் இருக்கை சூடாகி இதமாக இருக்கிறது என்பதற்காகச் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். ஒருமுறைகூடப் புகார் சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் போல்ட்டை மாற்றிக் கொடுத்ததும் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஹால்வர் அவர்களைப் பார்க்கப் போக வேண்டும் என்றான். யாரும் போகச் சொல்லவில்லை. நான் முகவரியைக் கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஃப்ளோரோ போனான்.

கிழவர் கதவைத் திறந்தார். பட்டறையிலிருந்து என்றதும் உள்ளே வாங்க, வாங்க என்று இழுத்துக்கொண்டு போனார். மோல்ஃப்ரிட் அச்சில் வாஃபிள் அடை சுட்டு, ஜாமும் புளித்த பாலாடையும் வைத்தார். ஹால்வர் தட்டைத் தொடாமல் நடந்ததைச் சொன்னான். போல்ட்டை மாற்றாமல் விட்டது நான்தான், இன்னொரு வண்டியில் இப்படித்தான் ஆகி ஒருவர் கை போய்விட்டது, உங்களுக்கும் ஆகியிருக்கலாம் என்றான். கிழவர் கவனமாகக் கேட்டார். அதுதான் இப்போது சரியாகிவிட்டதே என்றார். நாற்பது வருடம் கப்பல்களைப் பற்றவைத்தேன், நான் விட்ட ஓட்டைகள் எத்தனை கடலில் போகின்றனவோ கடவுளுக்குத்தான் தெரியும் என்று சிரித்தார். திட்டுங்கள் என்று கேட்க முடியாதே. ஹால்வர் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். அந்த அம்மா குறுக்கிட்டு, காப்பி ஆறுகிறது, சாப்பிடுங்க தம்பி, முகம் வாடியிருக்கு என்றார்.

புறப்படும்போது இருவரும் வாசல்வரை வந்தார்கள்.

"இதைச் சொல்றதுக்காக ஃபோர்டேலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தீங்களே," என்றார் இங்கோல்ஃப். "ரொம்ப நன்றி."

ஹால்வர் இப்போது நகராட்சிப் பனிவாரி வண்டிகளின் கொட்டகையில் வேலை பார்க்கிறான். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு அவனுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. யூருனை எப்போதாவது கடைத்தெருவில் பார்த்தால் அவர் தலையசைப்பார், இவனும் தலையசைப்பான். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடிகிறது என்கிறான்.

ஃப்ளோரோவிலிருந்து வந்த அன்று வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தானாம். குன்வோர் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறந்தான்.

"திட்டினாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான். "வாஃபிள் கட்டிக் குடுத்திருக்காங்க."

பக்கத்து இருக்கையில் அந்தப் பொட்டலம் இருந்தது. அவள்தான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.